பரிசலும் கனஅடியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

நாளிதழைப் பிரித்தால் ஆண்டின் பல மாதங்களில் ஒரு மூலையில் தவறாமல் காணக் கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு. ‘பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி’ என்பதே அது. தஞ்சை உழவர்க்கு அது நாற்றங்கால் பற்றிய செய்தி. மேட்டூர் அணைப் பொறியாளர்க்கு நீர்மட்டம் பற்றிய செய்தி. அரசியல் மேடையில் ஏறினால் அதுவே வழக்காகி விடுகிறது. இம்மூவரைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அதே எண்ணை அவர்களினும் ஆவலோடு காலையில் எதிர்நோக்கும் நான்காவது மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரே ஒகேனக்கல் பரிசலோட்டி. அவருக்கு அந்த எண் அன்றைய கூலி. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவரைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தளியைச் சேர்ந்த எனக்கு ஒகேனக்கல் அயலூர் அன்று. தளிப் பக்கத்து மலைக்காடுகளில் பெய்யும் மழை சின்னாறாகத் திரண்டு, பஞ்சப்பள்ளி அணையில் தங்கி, பாலக்கோடு வட்டத்தைக் கடந்து ஒகேனக்கல்லில்தான் காவிரியோடு கூடுகிறது. நீர் செல்லும் வழி சுற்று வழி. நாம் செல்லும் வழியோ தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக மலை இறங்கும் காட்டு வழி. இக்காடு 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். யானை நடமாட்டம் மிகுதியாகையால் பொழுதிருக்கவே சென்று பொழுதிருக்கவே திரும்புவது நலம். கடந்த அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் வகுப்பு மாணவர் எண்மர் இவ்வழியே சென்று வந்தோம்.

ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். ‘ஹொகே’ என்றால் புகை. ஆகவே புகையும் கல் என்பது பொருள். அருவி விழும் வேகத்தில் எழும் நீர்த்திவலை புகைபோல் தோன்றுவதால் வந்த பெயர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும் நம் வட்டாரத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள கார்பனடைட் வகைப் பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயதுடையவை என்று நிலவியலார் கணக்கிட்டுள்ளனர். இவ்வகைப் பாறைகளில் உலகிலேயே மிகப் பழையனவற்றுள் இவையும் அடங்கும். ‘ரோஜா’ (1992) படப் பாடலில் இவ்வருவியைக் கண்டவர்கள் பாறையின் வயதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் அழகு குறைந்துவிடவும் இல்லை.

சவாரியும் சாப்பாடும்

உணவோடு கூடிய படகு உலா உலகெங்கும் நடைபெறும் வணிகம். இலண்டனில் தேம்சு ஆற்றிலும் பாரிசில் சேன் ஆற்றிலும் கண்ணாடி மாளிகை போன்ற படகுகளில் விருந்துண்டபடியே நகரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? ஆலப்புழையில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் இன்று படுக்கையறையும் சமையலறையும் கொண்ட வீடுகளாகி, கரிமீன் பொரியலோடு காயலில் மிதக்கின்றன. அங்கெல்லாம் ஒரே முதலாளி, ஒரே சீட்டு, சோறும் சவாரியும் அதற்குள் அடக்கம்.

ஒகேனக்கல்லில் நிலை வேறு. சவாரியும் சாப்பாடும் சேர்ந்தே நடைபெறுகின்றன. ஆனால் அவற்றை ஒருவரே விற்பதில்லை. மீன் விற்பவர் ஒருவர். அதைக் கழுவி அரிந்து தருபவர் மற்றொருவர். கரையில் விறகடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துத் தரும் பெண்கள் தனி. எண்ணெய் தேய்த்துவிடும் மாலிஷ் தொழிலாளர் தனி. பரிசலோட்டி தனி. இவர்களை இணைக்கும் எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும் ஒருவர் நின்றால் மற்றவர் அனைவரும் நிற்க வேண்டியதுதான். இப்பிணைப்பே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நாங்கள் கட்லா மீன் மூன்று கிலோ வாங்கினோம். அரிசி, எண்ணெய் முதலியவற்றையும் வாங்கி அடுப்படியில் இருந்த அக்கா ஒருவரிடம் ஒப்படைத்தோம். பாதி வறுவல், பாதி குழம்பு என்பது உடன்பாடு. கூலி கிலோக் கணக்கு. “போய்ட்டு வாங்க தம்பி, வர்றதுக்குள்ள ஆயிடும்” என்றார். எப்போது வருவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நண்பன் ஒருவன் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, பரிசல் திரும்பி வரும் பாதையைக் கையால் காட்டினார். அடுப்படியிலிருந்து அது நன்றாகத் தெரிகிறது. கடைசி வளைவில் பரிசல் தலைகாட்டிய பிறகே மீனைக் கல்லில் போடுவாராம். கெட்டுவள்ளத்துச் சமையலறையிலும் வறுவல் இவ்வளவு சூடாகக் கிடைக்குமா என்பது ஐயமே.

வட்டப் படகின் வரலாறு

பரிசல் என்பது நாமே கண்டுபிடித்த பொருள் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் இது ஆறுள்ள நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. கிறித்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோன் நகருக்கு வரும் வட்டமான தோல் படகுகளைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அவற்றில் சரக்கோடு ஒரு கழுதையும் ஏறி வருமாம். நகரை அடைந்ததும் சட்டத்தை விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றி நடந்தே ஊர் திரும்புவார்களாம். ஆற்றை எதிர்த்துத் திரும்ப இயலாது என்பதே காரணம். ஈராக்கில் தார் பூசிய வட்டப் படகுகள் 20ஆம் நூற்றாண்டு வரையிலும் வழக்கில் இருந்தன.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையைக் கூடை போன்ற வட்டப் படகுகளில் கடந்ததைக் குறித்து வைத்துள்ளார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேரும், குதிரை, மாடுகளும்கூட அவற்றில் ஏறுவதுண்டு என்கிறார். ஒகேனக்கல்லிலும் முன்பு மூங்கில் பின்னலின்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது தோலின் இடத்தை நெகிழித் தாளும் தாரும் பிடித்துக் கொண்டன. மூங்கில் மட்டும் மாறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பலகைப் படகு பாறையில் மோதினால் பிளக்கும். மூங்கில் கூடை மோதினால் சற்று நசுங்கி, மீண்டும் விரியும். பாறை நிறைந்த ஆற்றில் விறைப்பைவிட வளைவு பயன்படுகிறது.

மற்றொரு சிறப்பு, பரிசல் மிகக் குறைந்த நீரிலும் மிதப்பது. ஆர்க்கிமிடீசு விதியைப் பள்ளியில் உருப்போட்ட நாம் இங்கே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பரிசலின் விட்டம் 7 அடி என்று கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 38 சதுர அடி. நான்கு பயணிகளும் ஓட்டுபவரும் சேர்ந்து 300 கிலோ, பரிசல் 50 கிலோ, ஆக 350 கிலோ என்று வைத்துக் கொண்டால், அது விலக்க வேண்டிய நீர் 350 லிட்டர், அஃதாவது 12 கன அடிக்குச் சற்று மேல். பரப்பால் வகுத்தால் நீரில் அமிழும் ஆழம் 4 அங்குலமே. அடிப்பாகம் தட்டுப் போலக் குழிந்திருப்பதால் இன்னும் ஓரிரு அங்குலம் கூடலாம். ஒரு சாண் நீர் இருந்தாலே ஐவர் மிதந்துவிடலாம் என்பது வியப்பன்றோ!

ஆனால் இந்த நன்மைக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. அடியில் முதுகெலும்புக் கட்டை இல்லாத வட்டப் படகுக்கு முன் எது, பின் எது என்பதே இல்லை. ஒற்றைத் துடுப்பை முன்னே நீட்டி நீரைத் தன்பக்கம் இழுத்து இழுத்துத்தான் அதற்கு ஒரு திசையைக் கற்பிக்க வேண்டும். ஓட்டுபவர் கை ஓய்ந்தால் பரிசல் சுழலத் தொடங்கும். வேடிக்கைக்காக அவரே சுழற்றிக் காட்டுவதும் உண்டு. அவ்வாறு சுழலும்போது ஒருவர் எழுந்து நின்றாலோ, படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ ஆபத்து.

எங்கள் பரிசலோட்டி ஊட்டமலையைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். கோத்திக்கல் பக்கமாகப் பாறை இடுக்குகளில் நுழைந்து அழைத்துச் சென்றார். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். அருவியின் இரைச்சல் ஓங்கி, பேசுவது கேட்காமல் போய், வளைவு திரும்பியதும் திடீரென அடங்கிவிடுகிறது. அவ்வமைதியில் இன்னொரு பரிசல் எங்களை நெருங்கியது. அது மிதக்கும் பெட்டிக்கடை! முறுக்கும் குளிர்பானமும் வேர்க்கடலையும் அடுக்கியிருந்தார்கள். கரையில் சோறு காத்திருக்கும்போது இது வேண்டுமா என்று நான் கேட்பதற்குள் நண்பர்கள் இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டனர்.

எதிர்க்கரை கர்நாடக மாநிலத்துச் சாமராசநகர் மாவட்டம். காவிரி ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவுக்கு இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றினால் நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று சொல்வது கடினம். 2008ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குறித்து இரு மாநிலங்களிலும் கொந்தளிப்பு எழுந்தது. அத்திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டு, புளூரைடு கலந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் கெட்டு அவதியுற்ற தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு இன்று ஆற்று நீரைத் தருகிறது. அந்நாளைய நினைவைக் கேட்டபோது பரிசலோட்டி, “அந்தக் கரையில எங்க சம்பந்தி வீடு இருக்கு தம்பி, நாங்க யார்கூடச் சண்டை போட?” என்றார்.

எண்கள் கூறும் கதை

இனி கனஅடிக்கு வருவோம். ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி., அஃதாவது நூறு கோடி கனஅடி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, சாதாரண மழையுள்ள ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வந்து சேர வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. இது மாதவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சூன் 9.19, சூலை 31.24, ஆகஸ்டு 45.95, செப்டம்பர் 36.76; அக்டோபர் 20.22, நவம்பர் 13.78; டிசம்பர் 7.35, சனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.50.

இந்த அட்டவணையை உழவர் நோக்கில் படித்தவர் பலர். நான் இதைப் பரிசலோட்டி நோக்கில் படித்துப் பார்த்தேன். மாத அளவை நாள்களால் வகுத்து வினாடிக் கணக்காக்கினால், மே மாதத்தில் சராசரி 930 கனஅடி வருகிறது. ஆகஸ்டில் அதுவே 17,000 கனஅடியைத் தாண்டுகிறது. அக்டோபரில் 7,500, நவம்பரில் 5,300. கனஅடி மனத்தில் பதியாதவர்க்கு வேறு விதமாகச் சொல்கிறேன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை அளவாகக் கொண்டால், மே மாதத்தில் வினாடிக்கு இரண்டு லாரி நீர். ஆகஸ்டில் வினாடிக்கு நாற்பது லாரி நீர்.

உண்மையில் ஆறு சராசரிக்குக் கட்டுப்பட்டு ஓடுவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. 2017 கோடையில் பாறைகளே எஞ்சின. 2018 ஆகஸ்டில் ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி வந்து அருவியே தெரியாமல் மூழ்கியது. என்றாலும் அட்டவணை ஒரு போக்கைக் காட்டுகிறது.

இப்போது பயணிகளின் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டம் மிகுதியாக வருவது கோடை விடுமுறையில். அப்போது நீர் மிகக் குறைவு. அருவிகள் மெலிந்து, பரிசல் செல்லும் தூரமும் சுருங்குகிறது. அடுத்த பெருங்கூட்டம் ஆடிப் பதினெட்டுக்கு, அஃதாவது ஆகஸ்டுத் தொடக்கத்தில். அப்போது குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். கபினியும் கிருட்டிணராச சாகரும் நிரம்பி உபரி நீர் வெளியேறும். வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கும். ஆள் இருக்கும்போது நீர் இல்லை. நீர் இருக்கும்போது ஓட அனுமதி இல்லை! இரண்டும் பொருந்தி வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களே. அப்போது கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் விடுமுறை என்பது பூசையும் தீபாவளியும் தான். பரிசலோட்டி சொன்னது இதற்கு ஒத்தே இருந்தது: “ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு மூணு முறை வரும் தம்பி. வார நாள்ல முறை வந்தாலே அதிர்ஷ்டம்.” பரிசல்கள் வரிசை முறைப்படி ஓடுவதால், முறை வருவதே அங்கே வேலை நாள்.

ஓசூர் சிப்காட்டில் பணியாற்றும் என் அண்ணனுக்கு இதைக் கூறினேன். ஆர்டர் குறைந்தால் தனக்கும் ‘லே-ஆஃப்’ உண்டு என்றான். உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் ஆர்டர் மிகுந்தால் ‘ஓவர்டைம்’ கிடைக்கும். ஆற்றில் நீர் மிகுந்தால் வேலையே போய்விடும். ஏறினாலும் இழப்பு, இறங்கினாலும் இழப்பு என்ற நிலை நம் பாடநூல்களில் எந்த வரைபடத்திலும் வரையப்படவில்லை.

தடை தேவையா?

தேவை என்பதே என் கருத்து. 2015ஆம் ஆண்டு இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இறந்தனர். இன்று ஒரு பரிசலுக்கு நான்கு பயணிகள் என்றும், அனைவரும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும் என்றும் விதி உள்ளது. எங்கள் எண்மரை இரண்டு பரிசல்களாகப் பிரித்தபோது சிலர் முணுமுணுத்தனர். மேலே நான் போட்ட மிதவைக் கணக்கில் எட்டுப் பேரும் தாராளமாக மிதக்கலாம். ஆனால் அக்கணக்கு அசையாமல் அமர்ந்திருப்பவர்க்கே பொருந்தும். அசையாமல் அமர்ந்திருக்கும் மாணவரை நான் இதுவரை கண்டதில்லை.

ஆகவே வினா, தடை வேண்டுமா என்பதன்று. தடையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே. இங்கே கடலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதற்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2023இல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடலோரத்தார் ஆண்டின் தொடக்கத்திலேயே இந்நாள்களை அறிவர். வலை பின்னவும், படகைப் பழுது பார்க்கவும் திட்டமிடலாம். ஆற்றுத் தடைக்கு நாள்காட்டி இல்லை. இரண்டு நாளில் நீங்கலாம்; மூன்று வாரம் நீளலாம்; நீங்கிய மறுநாளே மீண்டும் வரலாம்.

ஆயினும் முன்னறிவிப்பு முற்றிலும் இல்லை என்றும் கூற முடியாது. மேலே அணைகளில் திறக்கும் நீர் பிலிகுண்டுலு வந்து சேர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகிறது. எங்கள் பரிசலோட்டியின் கைபேசியில் அன்றைய அணைத் திறப்பு அளவுகள் இருந்தன. கபினியில் இவ்வளவு, கிருட்டிணராச சாகரில் இவ்வளவு, ஆகவே செவ்வாய்க்கிழமை இங்கே இவ்வளவு என்று அவர் மனக்கணக்காகச் சொன்னார். பரிசலோட்டி அறிந்த இதனைப் பெங்களூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ புறப்படும் பயணி அறியாமல் வந்து, ஏமாந்து, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுகிறார். அவர் திரும்பினால் மீனும் விற்பதில்லை, அடுப்பும் எரிவதில்லை. பரிசல் நின்றாலும் கரைச் சமையல் நடக்கலாமே! இரண்டு நாளைய நீர்க் கணக்கையும், பரிசல் இல்லாத நாளில் கரையில் கிடைப்பவற்றையும் சேர்த்தே பேருந்து நிலையங்களில் எழுதி வைத்தால் என்ன? ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

கர்நாடகம் முன்வைத்துள்ள 67 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேகேதாட்டு அணைத் திட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அணை வந்தால் வெள்ளம் அடங்கித் தடை நாள் குறையுமா, அல்லது நீரே வராமல் போகுமா என்பது என் ஐயம். அவர் துடுப்பை நிறுத்தவில்லை. “இப்பவே மேல ரெண்டு அணை திறந்தா ஓட்டறோம், மூடினா நிக்கறோம். மூணாவது ஒண்ணும் வந்தா, இன்னும் ஒரு போன் நம்பர் பார்க்கணும்” என்றார்.

கரை திரும்பியபோது வறுவல் கல்லில் சீறிக் கொண்டிருந்தது. பரிசலோட்டியையும் உண்ண அழைத்தோம்; வரிசையில் முறை போய்விடும் என்று மறுத்துவிட்டார். அடுப்படி அக்கா இரண்டு துண்டு மீனை இலையில் மடித்து அவர் கையில் திணித்தார். அதற்கு எங்களிடம் கணக்குச் சொல்லவில்லை. பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக் கொண்டு அவர் துறையை நோக்கி நடந்தார். ஹெரோடோட்டஸ் கண்டவர்களுக்காவது கழுதை இருந்தது.

தடை நாள்களில் என்ன செய்வீர்கள் என்று முன்பே அவரிடம் கேட்டிருந்தேன். கட்டட வேலைக்கு ஓசூர், பெங்களூர் என்று இளையவர்கள் போய்விடுகிறார்களாம். வயதானவர்கள் ஊட்டமலையிலேயே தங்கி, பரிசலைக் கவிழ்த்து வைத்து, தளர்ந்த மூங்கில் பிளாச்சுகளை மாற்றி, தார் காய்ச்சிப் பூசுகிறார்கள். ஒருமுறை பூசினால் அது காய இரண்டு நாள் ஆகும்.